வின் ஸ்கல்லியின் குரலோடு ஒன்பது சீசன்

2008-இல் வேலைக்காக லாஸ் ஏஞ்சலிஸ் வந்தபோது எனக்கு பேஸ்பாலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. ஒருநாள் மாலை நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது ரேடியோவில் ஒரு குரல் அகப்பட்டது. டாட்ஜர்ஸ் அணியின் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி. அப்போது அவருக்கு வயது 80. அன்றிலிருந்து 2016-இல் அவர் ஓய்வு பெறும் வரை, ஒன்பது சீசன் கேட்டேன்.

முதலில் கவனித்தது, அவர் தனியாகப் பேசுகிறார் என்பதை. மற்ற அணிகளுக்கு இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்; நாம் ஒட்டுக்கேட்பது போல இருக்கும். ஸ்கல்லிக்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதனால் நம்மிடம்தான் பேசுவார். பிட்சர் (பந்து வீசுபவர்) அடுத்த பந்தை வீசுவதற்குள் ஒரு கதையை ஆரம்பிப்பார். பந்து வந்ததும் நிறுத்தி, அது ஸ்ட்ரைக்கா (சரியான வீச்சா) பாலா (விலகிப்போன வீச்சா) என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். 2016-இல் எதிரணியான ஜயன்ட்ஸின் பிட்சர் மேடிசன் பம்கார்னர் பாம்பை வெட்டியதையும், அதன் வயிற்றிலிருந்து உயிரோடு கிடைத்த முயல்குட்டியை வளர்த்து விட்டதையும் இப்படித்தான் சொன்னார். கதையும் அறுபடவில்லை, ஒரு பந்தும் தவறவில்லை. ஆட்ட விதிகளை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. இப்படிக் கேட்டுக் கேட்டே பிடிபட்டது.

குறைகளும் உண்டு. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில், ரேடியோவில் முதல் மூன்று இன்னிங்ஸ் மட்டுமே அவர் குரல் வரும். அப்புறம் வேறு ஆட்கள்; தொலைக்காட்சியில்தான் முழு ஆட்டத்துக்கும் அவர். மூன்றாவது இன்னிங்ஸ் முடியட்டும் என்று வீட்டு வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்த நாட்கள் அதிகம். வயதின் காரணமாக அவர் கிழக்குப் பக்கம் பயணம் செய்யாததால், அணி அங்கே போனால் அவர் இல்லை. 2014-க்குப் பிறகு ஒளிபரப்பு உரிமைத் தகராறில் எங்கள் வீட்டு கேபிளில் ஆட்டமே வரவில்லை. கடைசிக் காலத்தில் அந்த மூன்று இன்னிங்ஸ்தான் கிடைத்தது என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

நான் கேட்டது வெறும் வால்பகுதி. அவர் ஆரம்பித்தது 1950-இல், அணி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தபோது. 1958-இல் அணியோடு லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். தற்காலிக மைதானமாக இருந்த கொலிசியத்தில் பல இருக்கைகள் ஆட்டத்திலிருந்து வெகு தூரம். ரசிகர்கள் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து, கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்தையே அவர் சொல்லக் கேட்டார்கள். மொத்தம் 67 சீசன். 2022 ஆகஸ்ட் 2-இல், 94 வயதில் காலமானார்.

இப்போது பழைய பதிவுகளைத்தான் கேட்கிறேன். புதிதாகக் கேட்பவர்கள் 1965 செப்டம்பர் 9-இல் டாட்ஜர்ஸ் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாத ஆட்டம்) வீசிய ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். ரேடியோ என்பதால், கோஃபாக்ஸ் நெற்றியைத் துடைப்பதுவரை சொல்கிறார். மணி என்ன என்பதையும் அவ்வப்போது சொல்கிறார். இரவு 9:46-க்கு ஆட்டம் முடிகிறது.

அடுத்தது 1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. அதிக ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) என்ற பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டி ஹாங்க் ஆரன் 715-ஆவது ஹோம் ரன் அடிக்கிறார். ஸ்கல்லி பேச்சை நிறுத்திக் கூட்டத்தின் ஆரவாரத்தை ஓடவிடுகிறார். அதன் பிறகுதான், அமெரிக்கத் தென்பகுதியின் ஆழத்தில் ஒரு கறுப்பின மனிதருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்று சொல்கிறார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், அதைவிடப் பெரிய செய்தி ஹோம் ரன்னில் இல்லை.

சின்ன வயதில் வீட்டுப் பெரிய ரேடியோவுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டு, கூட்டத்தின் சத்தம் தன் மேல் கொட்டுவதை ரசித்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தத்தை நமக்கும் கொடுக்கத்தான் வாயை மூடிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

1988 உலகத் தொடரின் (சீசன் முடிவில் நடக்கும் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தைக் கடைசியாகப் பாருங்கள். கால் சரியில்லாத டாட்ஜர்ஸ் வீரர் கிர்க் கிப்சன் நொண்டிக்கொண்டே வந்து ஹோம் ரன் அடித்த பிறகு, தொலைக்காட்சியில் ஒரு நிமிடத்துக்கும் மேல் ஸ்கல்லியின் குரல் இல்லை. ஒலியைக் கூட்ட வேண்டாம், காத்திருங்கள்.