மறதிக்கார விளக்கும் இரண்டரை வருஷப் பாசியும்

போன வாரம் திருப்பூரிலிருந்து சித்தி மகன் ஒரு படம் அனுப்பிக் கேட்டான்: "ஏனுங்ண்ணா, உங்க மீன்தொட்டி மேல இருக்கற அதே லைட்டு இப்ப 2,900க்கு வருது. வாங்கிப் போட்டறலாமுங்களா?" நான் வாங்கியபோது 4,200. "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த விளக்கு போன மாதம்தான் ரிப்பேருக்குப் போய் வந்திருக்கிறது, எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பதில் நீண்டுவிட்டது.

விளக்கின் பெயரை எழுதிப் பயனில்லை. ஒரே சரக்கு நாலு ஸ்டிக்கரில் வருகிறது. இரண்டடி நீளம், வெள்ளையோடு சிவப்பு, பச்சை, நீலம், ஒயரின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கன்ட்ரோலர், அதில் 6, 8, 12 மணி நேர பட்டன்கள். மீன்தொட்டிக்குள் செடி வளர்ப்பவர்களுக்கு இவ்வளவு சொன்னால் புரியும்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். இதன் நிறம் அபாரம். கோபிக்குப் போனபோது கொடிவேரிப் பக்கம் வயல் வரப்பில் பிடுங்கி வந்த நீர்ப்பிரமி, பழைய டியூப்லைட்டின் கீழ் நாலு மாதம் நோஞ்சானாக நின்றது. இந்த விளக்கைப் போட்ட மூன்றே வாரத்தில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டியது. ரோட்டாலா என்கிற இன்னொரு நீர்ச்செடியின் நுனி இலைகள் ரோஜா நிறத்துக்கு வந்தன. மே மாத வெயிலிலும் விளக்கின் உடம்பைத் தொட முடியும். இரண்டரை வருஷத்தில் ஒரு எல்இடி பொட்டுகூடச் சாகவில்லை. விருந்தாளிகள் டிவியைப் பார்க்காமல் தொட்டியைப் பார்க்கிறார்கள்.

சரி, பாசிக்கு வருவோம்.

தொட்டி வைத்த முதல் மாதம் வந்த பழுப்புப் பாசியைக் கணக்கில் சேர்க்கவில்லை. புதுத் தொட்டிகளில் பெரும்பாலும் அது வரும், விரலால் துடைத்தால் போய்விடும், தானாகவும் அடங்கும். என் பிரச்சினை நாலாவது மாதத்தில் ஆரம்பித்தது. கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள், செடிகளுக்கு நடுவே நூல் பாசி, அனுபியாஸ் செடியின் இலை விளிம்பில் தாடி மாதிரி ஒரு கருப்புப் பாசி. ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சாமி, தூர்வாராத கெணறாட்டம் இருக்குது" என்றார்.

முதலில் தண்ணீர் மீது சந்தேகம். கோவையில் வடவள்ளிப் பக்கம் வீடு, குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர். என் மீட்டரில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, 50ஐத் தாண்டியதே இல்லை, போர் தண்ணீரோ 1,300. இவ்வளவு உப்பில்லாத தண்ணீரில் செடி எதைத் தின்னும் என்று மூன்று பக்கெட்டுக்கு ஒரு பக்கெட் போர் தண்ணீரைக் கலந்தேன். இலை கொஞ்சம் தேறியது. பாசியும் தேறியது.

அடுத்து மீன் கடைக்காரர் யோசனைப்படி ஒரு 'டேங்க் கிளீனர்'. சக்கர் மீனைத்தான் அப்படிச் சொல்லி விற்கிறார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும் ஜந்து, இரண்டடித் தொட்டிக்கு ஆகாது. பாசியைத் தொடாமல் செடியை வேரோடு கிளப்பியதால் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் சயாமீஸ் பாசி தின்னி என்கிற மீன் இரண்டு. இதை வாங்குகிறவர்கள் உடம்பின் கருப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாலுக்கு முன்பே நின்றுவிட்டால் வேறு ஜாதி.

உரத்தையும் விடவில்லை. சின்ன பாட்டிலில் 600 ரூபாய்க்கு விற்கும் திரவ உரத்தில் இருப்பதில் பெரும்பங்கு நம் ஊர் உரக்கடையில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் கிடைக்கும் 13-0-45ம் 0-52-34ம்தான், அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டும். வாங்கப் போனேன். "எத்தன ஏக்கருங்க? மஞ்சளா, வாழையா?" என்றார் கடைக்காரர். இரண்டடி என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா தோட்டத்துக்குங்க" என்றேன். 55 லிட்டர் தண்ணீருக்கு வாரம் ஒரு கிராம் 13-0-45, மற்றது அதில் பத்தில் ஒரு பங்கு. 13-0-45 ஒரு கிலோ பொட்டலமே 19 வருஷம் வரும். இரண்டு பொட்டலத்துக்கும் ஆன செலவு அந்தச் சின்ன பாட்டிலைவிடக் குறைவு. பக்கத்திலேயே 19-19-19 இருக்கும், கை நீட்டிவிடாதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் சேர்ந்திருக்கிறது, மீனுக்கு ஆகாது. பாஸ்பேட் போட ஆரம்பித்ததும் கண்ணாடியில் பச்சைப் புள்ளி குறைந்தது நிஜம். நூலும் தாடியும் அசையவில்லை.

கடைசியாகப் பழி விழுந்தது என் பையன் மேல். மதியம் 12க்குத் தொடங்கி இரவு 8க்கு அணையும்படி, 40 சதவீத வெளிச்சத்தில் வைத்திருந்தேன். வாரத்தில் இரண்டு நாளாவது நான் வேலையிலிருந்து வரும்போது விளக்கு முழு வெளிச்சத்தில் இருக்கும், எட்டு மணிக்கு அணையாது. தூங்கப் போகும்போது வீட்டில் யாராவது பிளக்கை அணைப்பார்கள், காலையில் யாராவது போட்டுவிடுவார்கள். கன்ட்ரோலரை நோண்டுவது அவன்தான் என்று முடிவு கட்டி, பத்துத் தடவையாவது திட்டியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டேகால் இருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேலே ஃபேன் ஒரு மூச்சு தளர்ந்து, மறுபடி வேகம் எடுத்தது. அறை மூலையில் இன்வெர்ட்டர் ஒரு தரம் கத்தியது. கரண்ட் போனது என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் தொட்டி விளக்கு ஒரு முறை கண்ணை மூடித் திறந்தது. திறந்தபோது வெள்ளை வெளேர் என்று முழு வெளிச்சம். நியான் மீன்கள் மொத்தமும் அனுபியாஸ் இலைக்கு அடியில் ஓடின. கன்ட்ரோலரில் 8க்கு நேரே எரிய வேண்டிய நீலப் பொட்டைக் காணோம்.

அந்தப் பெட்டிக்குள் பேட்டரியும் இல்லை, கடிகாரமும் இல்லை. பட்டனை அமுக்கிய நொடியிலிருந்து அது எண்ணிக்கொண்டு போகிறது. நடுவே மின்சாரம் இமைத்தால் எத்தனை மணி, எத்தனை சதவீதம், எல்லாம் மறந்துபோகும். அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: முழு வெளிச்சம், யாராவது அணைக்கிற வரை. ஃபில்டர் நிற்கக் கூடாது என்று தொட்டியை இன்வெர்ட்டர் லைனில் போட்டிருந்தது நான். இன்வெர்ட்டர் மாறுகிற அந்த இமைப்பொழுது இதற்குப் போதும், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. காலை ஏழு முதல் இரவு பத்தரை வரை முழு வெளிச்சம் வாங்கிய தொட்டியில் பாசி வராமல் என்ன வரும்? என் தொட்டிக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது. செடிக்குச் சாப்பாடு கொஞ்சம், வெளிச்சம் ஏராளம். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டுகிற கதைதான். செடியால் பயன்படுத்த முடியாத வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது.

அன்று சாயங்காலம் பையனை ரோட்டுக்கடைக்குக் கூட்டிப்போய்க் காளான் வாங்கிக் கொடுத்தேன். அவன் இரண்டு பிளேட் கேட்டான்.

4,200 ரூபாய் விளக்கில் இருபது ரூபாய் பேட்டரி ஒன்று வைக்க முடியாதா? இரண்டு வருஷமாக இதே கேள்விதான். சூரிய உதயம், அந்தி வெளிச்சம், நிலா வெளிச்சம் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற ஊரில் அந்த உதயம் சாயங்காலம் நாலரைக்கு உச்சி வெயிலாக வரும். வீட்டுக்காரி மதியம் போன் செய்வாள்: "ஏனுங்க, உங்க லைட்டு மறுபடியும் மறந்துருச்சுங்க." எட்டை அமுக்கு, வெளிச்சத்தை ஆறு தட்டு குறை என்று ஆபீஸிலிருந்து பாடம் எடுப்பேன். பக்கத்து சீட்டுக்காரருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே போன பொங்கல். மாமியார் ஊரில் நாலு நாள் இருந்தோம். நாங்கள் கிளம்பிய அன்று இரவே எங்கோ இமைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஹால் முழுக்க வெளிச்சம், தொட்டிக்குள் பச்சைக் கம்பளி. பல் துலக்கும் பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுற்றினால் பஞ்சுமிட்டாய் போல உருண்டு வந்தது. ரோட்டாலா போயிற்று. நீர்ப்பிரமி மட்டும் அசரவில்லை, வரப்பில் பிறந்தது அல்லவா.

கருந்தாடிக்குச் செய்த வைத்தியம் பலித்தது, அதைச் சொல்ல வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். அதில் சம அளவு தண்ணீர் கலந்து, ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசையாதபோது ஊசியில்லாத சிரிஞ்சால் தாடி மேலேயே மெதுவாக விட்டேன். கலந்தது மொத்தம் 15 மில்லிக்கு மேல் போகவில்லை. இலை விளிம்பு முழுக்கப் பொடிக் குமிழ்கள் ஒட்டின. பத்து நிமிஷம் கழித்து ஃபில்டரைப் போட்டேன். மூன்றாம் நாள் கருப்புத் தாடி சிவந்தது. அது உண்மையில் செம்பாசி வகை, சாகும்போதுதான் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. அதுவரை திரும்பிப் பார்க்காத பாசி தின்னிகள் அப்போது வந்து இலையைச் சுத்தமாக மேய்ந்தன.

போன மாதம் அந்தக் கன்ட்ரோலரே செத்தது. விற்றவர்கள், வாரண்டி முடிந்தது, புது விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பீளமேட்டில் மோட்டார் வைண்டிங் கடைக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்க்கிற பையன் ஒருவன் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த டப்பி எதுக்குங்ண்ணா?" என்று அதை வெட்டி எறிந்தான். அதற்குப் பதில் திருகுகிற குமிழ் வைத்த சாதாரண டிம்மர் ஒன்று, கூலியோடு 350 ரூபாய். பிளக்கில் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் தனியாக வாங்கி மாட்டினேன். பல் சக்கரம் சுற்றுகிற பழைய வகை டைமர் வாங்க வேண்டாம், கரண்ட் நிற்கிற நேரமெல்லாம் அதுவும் நின்று பின்தங்கிவிடும். குமிழுக்கு எதையும் ஞாபகம் வைக்கிற வேலையே இல்லை, திருகிய இடத்தில் நிற்கிறது. உதயம், அந்தி, நிலா எல்லாம் போயிற்று. நிறத்தைத் தனித்தனியாக மாற்றவும் முடியாது. ஒன்றுக்கும் நான் ஏங்கவில்லை. பராமரிப்பு நாளன்று நாலரைக்குக் கரண்ட் வந்தபோது விளக்கு பழைய 40லேயே எழுந்தது. ஐந்து வாரமாகப் புது நூல் பாசி இல்லை.

ஆக தம்பி, வாங்குவதானால் 2,900ஓடு இன்னொரு ஆயிரம் எடுத்து வை, முதல் நாளே அந்த டப்பியை வெட்டி எறி. இந்த விலைக்கு இந்த நிறம் கொடுக்கிற வேறு விளக்கை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எப்போதோ மாற்றியிருப்பேன்.

இன்று காலை கண்ணாடியில் மறுபடி மூன்று பச்சைப் புள்ளி. பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினேன். இரண்டு வாரமாகப் பாஸ்பேட் போட மறந்தது நான்தான், விளக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுப்பேன்.