எம்9 மினிமல் சால்ட்ஸ் தூள்: வாங்கலாமா?

ஈ.கோலை பாக்டீரியா தனக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களையும் தானே செய்துகொள்கிறதா என்று பார்க்க, வெறும் உப்புகளும் குளுக்கோஸும் கொண்ட வளர்ப்புக் கரைசலான எம்9 மீடியத்தைவிட எளிய வழி இல்லை. நைட்ரஜனுக்கு அதில் இருப்பது அமோனியம் குளோரைடு மட்டுமே. நாலு உப்புகளை எடைபோடும் வேலையை மிச்சம் பிடிக்க, ஐந்து மடங்கு செறிவுக்கான தூள் டப்பாவில் வருகிறது. தாராளமாக வாங்கலாம்.

லிட்டருக்கு 56.4 கிராம் கரைத்து ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), அறை வெப்பத்திலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் சோடியம் பாஸ்பேட் படிகமாகி அடியில் தங்கும். மேலே இருப்பதை மட்டும் ஊற்றினால் அளவு தப்பிவிடும். 1 லிட்டர் மீடியத்துக்கு இந்தக் கரைசல் 200 மி.லி., 20 சதவீத குளுக்கோஸ் 20 மி.லி., 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 2 மி.லி., 1 மோலார் கால்சியம் குளோரைடு 0.1 மி.லி., மிச்சம் ஸ்டெரைல் தண்ணீர். கால்சியத்தைக் கடைசியில், கலக்கிக்கொண்டே விட வேண்டும். நீர்க்காத உப்புக் கரைசலில் விட்டால் பால் மாதிரி வெளுத்துவிடும். அது கால்சியம் பாஸ்பேட்.

"எதுவுமே வளரவில்லை" என்று தூளைக் குறை சொல்லும் முன் ஸ்ட்ரெயினை, அதாவது ஈ.கோலையின் எந்த ரகம் என்பதைப் பாருங்கள். டி.எச்.5ஆல்ஃபாவுக்குத் தயமின் (வைட்டமின் பி1) வேண்டும், மி.லி.க்கு 1 மைக்ரோகிராம். டி.எச்.10பி-க்கு லூசின் என்ற அமினோ அமிலத்தைத் தராமல் தீராது. எச்.பி.101-க்குத் தயமின், லூசின், புரோலின் மூன்றும் வேண்டும்.

அமினோ அமிலங்கள் நிறைந்த வழக்கமான மீடியமான எல்.பி.யிலிருந்து மாற்றும்போது செல்களைக் கழுவியே மாற்றுங்கள். ஒட்டிவந்த எல்.பி. இருந்தால் லூசின் செய்யத் தெரியாத ஸ்ட்ரெயின்கூட கொஞ்சம் வளர்ந்து ஏமாற்றும். கழுவிய பிறகு சில மணி நேரம் கலங்கலே தெரியாமல் இருப்பது இயல்பு. எல்.பி.யில் டிரிப்டோஃபான் நிறைய இருந்ததால் டி.ஆர்.பி.ஆர். புரதம் அதைப் பிடித்துக்கொண்டு, டிரிப்டோஃபான் செய்யும் மரபணுக்களின் சுவிட்சான ஆபரேட்டரில் உட்கார்ந்து அவற்றை அடக்கி வைத்திருந்தது. டிரிப்டோஃபான் குறைந்து அது விலகிய பிறகுதான் நொதிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். அர்ஜினினுக்கு ஆர்க்ஆர், மெத்தியோனினுக்கு மெட்ஜே என்ற அடக்கும் புரதங்கள்; இதே கதைதான்.

இந்த மீடியத்தின் அருமை வேலின் சோதனையில் தெரியும். கே-12 வம்சத்து ஸ்ட்ரெயினான எம்.ஜி.1655-ஐ மூன்று தட்டுகளில் இடுங்கள்: வெறும் எம்9, மி.லி.க்கு 40 மைக்ரோகிராம் வேலின் சேர்த்தது, வேலினோடு அதே அளவு ஐசோலூசினும் சேர்த்தது. நடுத்தட்டு மட்டும் வெறுமையாக நிற்கும். வேலின், ஐசோலூசின் இரண்டுக்கும் பொதுவான நொதி அசிட்டோஹைட்ராக்ஸி அமில சிந்தேஸ்; அதில் மூன்று வகை உண்டு. கே-12-இல் வேலினுக்கு மசியாத இரண்டாம் வகை, ஐ.எல்.வி.ஜி. மரபணுவில் உள்ள ஃபிரேம்ஷிஃப்டால் (மரபணு எழுத்துகளைப் படிக்கும் வரிசை நகர்ந்துபோகும் பிழை) கெட்டுவிட்டது. மற்ற இரண்டு வகைகளின் ஒழுங்குபடுத்தும் துணையலகுகளில் வேலின் போய் ஒட்டியதும் நொதி நிற்கிறது; செல் ஐசோலூசினுக்குப் பட்டினி கிடக்கிறது. இதையே காசமினோ அமிலம் (பால் புரதத்தை உடைத்துக் கிடைக்கும் அமினோ அமிலக் கலவை) சேர்த்த எம்9-இல் செய்தால் ஒன்றும் தெரியாது, அதிலேயே ஐசோலூசின் இருக்கிறது. பி வம்சத்து பி.எல்.21 நடுத்தட்டிலும் வளரும், ஒப்பிட்டுப் பார்க்க அதையும் ஓர் ஓரத்தில் இடலாம்.

தூள் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். பெரிய டப்பாவைவிடச் சின்னதாக வாங்கி, மூடியை இறுக்கி, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.