எண்பதா, எழுபதா?

80 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல், 70 பீரங்கிகள் கொண்டது: இரண்டில் எது மேல்? 1719இல் பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல்களுக்கு வகுத்த அளவுகளில், 80 பீரங்கிக் கப்பலுக்கு மூன்று பீரங்கித் தளங்கள், 158 அடி நீளம். 70 பீரங்கிக் கப்பலுக்கு இரண்டு தளங்கள், 151 அடி. அதாவது ஏழே அடியைக் கூட்டிவிட்டு, மேலே ஒரு முழுத் தளத்தை ஏற்றி வைத்தார்கள். விளைவைச் சொல்லவும் வேண்டுமா?

நீளத்துக்குப் பொருந்தாத உயரம். காற்று சற்றே வலுத்தால் கப்பல் ஒருபுறமாகச் சாயும். கீழ்த்தளத்தின் பீரங்கிச் சாளரங்கள் நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். கடல்நீர் உள்ளே பாயாமலிருக்கக் கதவுகளை அடைத்தே ஆக வேண்டும். அடைபட்டுக் கிடப்பவை எவை? 32 பவுண்டு குண்டு வீசும் பீரங்கிகள். ஒவ்வொன்றும் இரண்டரை டன்னுக்கு மேல் கனம். கப்பலின் பலமே அவைதான்! கொடி பறக்கவிட்டு அமரும் அட்மிரலுக்கு மட்டும் இடவசதி தாராளம்.

எழுபதில் இருந்தவை 24 பவுண்டு பீரங்கிகள்தான். ஆனாலும் அது தள்ளாடாமல் பாய்விரித்து ஓடியது, செலவும் குறைவு. என் தேர்வு இதுவே, ஒரு குறையோடு: உடல் சிறியது. 1740இல் சுமார் 165 அடி நீள ஸ்பானியக் கப்பல் பிரின்செசாவைப் பிடிக்க, பிரிட்டனின் 70 பீரங்கிக் கப்பல்கள் மூன்று பல மணி நேரம் போராட வேண்டியிருந்தது. அதுவும் 70 பீரங்கித் தரத்துக் கப்பல்தான்.