டெபியன் 13 இன்ஸ்டாலர்: எங்கே என்டர் தட்டலாம், எங்கே கூடாது

வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் மேசைக்கு அடியில் இருப்பது அநேகமாக ஒரே ரகம்தான்: எச்61 சிப்செட் போர்டு, இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. அந்த வழி அடைபட்டது. ஆனால் பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. காயலான் கடைக்குப் போட மனசு வராது. இப்படிப்பட்ட பெட்டிக்கு 2025 ஆகஸ்ட் 9-இல் வந்த டெபியன் 13 (டிரிக்ஸி என்று பெயர்) என்ற இலவச லினக்ஸ் சிஸ்டம் ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. சிஸ்டத்தைப் பற்றி நிறைய பேர் எழுதியாகிவிட்டது. இங்கே பார்ப்பது அதைக் கணினியில் நிறுவித் தரும் இன்ஸ்டாலரை மட்டும்.

முதலில் ஒன்று: முகம் மாறவில்லை. அதே சாம்பல் ஜன்னல், ஒரு திரைக்கு ஒரு கேள்வி. உபுண்டு பார்த்துப் பழகியவருக்கு அரசு அலுவலகப் படிவம் நிரப்புவது போல இருக்கும். ஆனால் எந்தக் கேள்வியையும் ஒளித்து வைக்காது என்பது இதன் பெரிய பலம். சிக்கல் என்னவென்றால், முக்கால்வாசிக் கேள்விகளுக்கு என்டர் தட்டினால் போதும். மீதி நாலைந்து இடங்களில் அதே என்டர் ஒரு நாள் வேலையைக் கெடுத்துவிடும். எது எந்த இடம் என்று திரை சொல்லாது.

பென் டிரைவில் இருந்து தொடங்குவோம். நெட்இன்ஸ்ட் என்ற சின்ன ஐஎஸ்ஓ (பென் டிரைவில் எழுத வேண்டிய நிறுவல் ஃபைல்) ஏறத்தாழ 800 எம்பி. மீதியை இணையத்தில் இருந்து இழுத்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் போட்டாலே இன்னொரு ஜிபிக்கு மேல் இறங்கும். கடையில் பிராட்பேண்ட் இல்லாமல் போன் டேட்டாவை நம்பினால், அன்றைய கோட்டா பாதியில் தீர்ந்து வேகம் குறைவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு முதல் டிவிடி ஐஎஸ்ஓவே மேல். 4 ஜிபி அளவில் இருக்கும், டெஸ்க்டாப்புக்கு வேண்டியது அதிலேயே உண்டு. ஒரே தொல்லை, நிறுவி முடித்த பிறகும் சிஸ்டம் பேக்கேஜ்களை அந்த டிவிடியில் தேடிக்கொண்டிருக்கும். பேக்கேஜ்களை எங்கே தேடுவது என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் 'டெப் சிடிராம்' என்று தொடங்கும் வரிக்கு முன்னால் ஒரு # போட்டுவிட்டு, டெபியனின் இணைய முகவரி வரியைச் சேர்க்க வேண்டும்.

ஐஎஸ்ஓவை இறக்கியதும், ஃபைல் முழுதாக வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ512 தொகையைச் சரிபாருங்கள். பாதி இறங்கிய ஃபைலை எழுதிவிட்டு, நடுவில் 'பேக்கேஜ் கெட்டுள்ளது' என்று வந்ததும் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்படுவது வழக்கமான கதை. விண்டோஸில் ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து பென் டிரைவில் எழுதினால் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். எழுதி முடித்தபின் விண்டோஸ் அந்த பென் டிரைவை 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கும், அளவையும் குறைத்துக் காட்டும். டிரைவ் செத்துவிடவில்லை, பயப்பட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போல 13.1, 13.2 என்று திருத்திய ஐஎஸ்ஓ வருகிறது. பழையதை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான எம்பி அப்டேட் இறக்குவதைவிடப் புதியதை எடுப்பதே மிச்சம்.

பூட் செய்யும்போதே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எச்61 காலத்து போர்டுகளில் கணினியைத் தொடங்கி வைக்கும் பழைய பயாஸ் முறை, புதிய யூஇஎஃப்ஐ முறை இரண்டும் இருக்கும். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும். இருக்கிற விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டதோ அதே முறையில்தான் டெபியனையும் தொடங்க வேண்டும். பயாஸ் முறை விண்டோஸ் இருக்கும்போது யூஇஎஃப்ஐயில் தொடங்கினால், யூஇஎஃப்ஐ முறையிலேயே நிறுவட்டுமா என்று இன்ஸ்டாலர் ஒரு எச்சரிக்கை காட்டும். இரண்டு சிஸ்டமும் வேண்டுமென்றால் வேண்டாம் என்று சொல்லி, திரும்பப் போய் சரியான முறையில் பூட் செய்யுங்கள். போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருந்தால் இது இன்னும் வினை: கரண்ட் போய் வந்ததும் பயாஸ் தன் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும், நேற்று ஓடிய சிஸ்டம் இன்று 'பூட் டிவைஸ் இல்லை' என்னும். நிறுவும் முன்பே ஒரு சிஆர்2032 மாற்றிவிடுங்கள்.

இனி அந்த என்டர் விவகாரம்.

மொழி ஆங்கிலம் என்று விட்டால் அடுத்த திரையில் நாடு கேட்கும். ஏற்கெனவே தேர்ந்திருப்பது அமெரிக்கா. அவசரத்தில் என்டர் தட்டினால் கடிகாரம் நியூயார்க் நேரத்துக்குப் போகும் என்பதோடு நிற்காது. தாள் அளவும் லெட்டர் ஆகிவிடும். ஜெராக்ஸ் கடைக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. ஏ4 தாளில் ஒவ்வொரு பிரின்டும் அடியில் வெட்டிக்கொண்டு வரும், பிரின்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள். பட்டியலில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் நேரம், தாள் இரண்டும் சரியாகிவிடும். கீபோர்டுக்கு அமெரிக்க ஆங்கிலம் போதும். ரூபாய்க் குறி அடிக்கடி வேண்டுமானால் பிறகு இந்திய ஆங்கில லேஅவுட்டுக்கு மாற்றினால் வலது ஆல்ட்டுடன் 4 அழுத்தினால் வரும்.

தமிழ்? உண்டு. ஆனால் கிராஃபிக்கல் இன்ஸ்டாலரில் மட்டும். எழுத்துமுறை (படமில்லாத டெக்ஸ்ட்) இன்ஸ்டாலரில் தமிழ் பட்டியலிலேயே இருக்காது, ஏனென்றால் வெறும் கன்சோலால் நம் உயிர்மெய்யைச் சேர்த்துக் காட்ட முடியாது. தமிழில் நிறுவுவதா என்பதில் இந்த விமர்சனத்தின் கட்சி: வீட்டுக் கணினிக்குத் தாராளமாக, கடைக் கணினிக்கு வேண்டாம். ஏதாவது பிழை வந்தால் அந்தத் தமிழ்ச் செய்தியை வைத்து இணையத்தில் தீர்வு தேடுவது குதிரைக் கொம்பு. ஆங்கிலம், இந்தியா என்று நிறுவிவிட்டு, பிறகு தமிழ் டெஸ்க்டாப்புக்கான டாஸ்க் பேக்கேஜைப் போட்டால் எழுத்துருக்கள் வந்துவிடும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய, கீபோர்டு அமைப்பில் இருக்கும் தமிழ் லேஅவுட்டை நம்ப வேண்டாம். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டுமே வேலை செய்யும், தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99 விதி அதில் கிடையாது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி, அதோடு எம்17என் பேக்கேஜ், இரண்டையும் போட்டு லாக்அவுட் செய்து வந்தால் முழுத் தமிழ்99 கிடைக்கும். இன்ஸ்டாலரில் தமிழ்க் கீபோர்டைத் தேர்ந்துவிட்டு பாஸ்வேர்டு அடிப்பது இன்னொரு ஆபத்து: எந்த எழுத்தில் அடித்தோம் என்றே தெரியாது, அடுத்த நாள் உள்ளே போக முடியாது.

அடுத்தது ரூட், அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரம் உள்ள கணக்கின் பாஸ்வேர்டு திரை. இங்கே மட்டும் விஷயம் தலைகீழ்: எதுவும் எழுதாமல் என்டர் தட்டுவதே நல்லது. காலியாக விட்டால் ரூட் கணக்கு பூட்டப்பட்டு, அடுத்து உருவாக்கும் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது ரூட் வேலைகளைச் செய்யும் உரிமை கிடைக்கும். பொறுப்பாக ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டால் அந்தப் பயனருக்கு சூடோ இருக்காது. 'இந்தப் பயனர் சூடோயர்ஸ் ஃபைலில் இல்லை' என்று முதல் நாளே திட்டு வாங்க வேண்டியதுதான். ரூட்டாக நுழைந்து அவரை சூடோ குழுவில் சேர்த்தால் சரியாகும்.

டிஸ்க் பிரிக்கும் இடம்தான் உயிர்நாடி. 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்து' என்று தேர்ந்தால் விண்டோஸ், பில்லிங் டேட்டா, எல்லாம் போகும். விண்டோஸை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் முதலில் விண்டோஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, முழுதாக ஷட் டவுன் செய்து, அங்கேயே டிஸ்க் மேனேஜ்மென்டில் இடத்தைச் சுருக்கி விட்டு வாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்வரை அந்தப் பார்ட்டிஷன் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். இன்ஸ்டாலர் அதைச் சுருக்க மறுக்கும். மறுப்பதும் நல்லதுதான். பிறகு இங்கே காலியிடத்தைப் பயன்படுத்தும் வழியை எடுத்தால் போதும். டிஸ்க் பட்டியலில் பென் டிரைவும் வரும், எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர் பூட்டுக்கு பூட்டு மாறும். பெயரைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். கடைசியில் 'மாற்றங்களை எழுதட்டுமா' என்ற கேள்விக்கு முன்தேர்வு 'இல்லை' என்றே இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் என்டர் தட்டும் பழக்கம் நம்மைக் காப்பாற்றுகிறது. வடிவமைத்தவருக்கு ஒரு கும்பிடு.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும், என்கிரிப்ட் செய்த எல்விஎம் என்ற வழியை எடுத்தால், டிஸ்க் முழுக்கக் கண்டபடி டேட்டா எழுதி அழிக்கத் தொடங்கும். 500 ஜிபி சுழலும் டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் போகும். புது எஸ்எஸ்டியாக இருந்தால் கேன்சல் அழுத்தலாம். அழிப்பது மட்டும் நிற்கும், நிறுவல் தொடரும். இன்னொன்று: இந்த இன்ஸ்டாலருக்கு விட்ட இடத்தில் தொடரத் தெரியாது. நடுவில் கரண்ட் போனால் முதலில் இருந்துதான். யுபிஎஸ் இல்லாத கடையில் வெயில் காலத்து மத்தியானம் இதைத் தொடங்காதீர்கள்.

பேக்கேஜ்களை எந்த சர்வரில் இருந்து இறக்குவது என்று கேட்கும் மிரர் திரையில் டெபியனின் பொது முகவரியே போதும், ப்ராக்ஸி கட்டம் காலி, பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்கு விருப்பப்படி. அடுத்தது மென்பொருள் தேர்வு. இங்கே முன்னதாகவே க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப் டிக் ஆகியிருக்கும். 4 ஜிபி ரேமில் க்னோமோடு ஒரு பிரௌசரும் சேர்ந்தால் மூச்சு வாங்கும். க்னோமை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇயை வையுங்கள்; எழுத்துமுறை இன்ஸ்டாலரில் ஸ்பேஸ் விசையால்தான் டிக் மாறும். என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும், க்னோம் இறங்கத் தொடங்கிவிடும்.

பயாஸ் முறையில் கிரப்பை, அதாவது சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் நிரலை, எந்த டிஸ்க்கில் எழுதுவது என்று கேட்கும்போதும் அளவைப் பாருங்கள். பென் டிரைவில் எழுதிவிட்டால், டிரைவ் செருகியிருக்கும்வரை கணினி ஒழுங்காகத் தொடங்கும், பிடுங்கியதும் படுத்துவிடும். யூஇஎஃப்ஐயில் இந்தக் கேள்வி வராது. ஆனால் சில பழைய போர்டுகள் டெபியன் எழுதிவைக்கும் பூட் பதிவைக் கண்டுகொள்ளாது. அதே பென் டிரைவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் ரெஸ்க்யூ மோட் இருக்கிறது. அதில் கிரப்பை எடுத்துச் செல்லும் மீடியாவுக்கான பாதையில் கட்டாயமாக நிறுவும் ஒரு தேர்வு உண்டு. அதை ஓட்டினால் இத்தகைய போர்டுகள் பெரும்பாலும் வழிக்கு வரும். இந்த ரெஸ்க்யூ மோட் ஒன்றுக்காகவே அந்த பென் டிரைவை அழிக்காமல் டிராயரில் போட்டு வைக்கலாம்.

வைஃபை போன்ற வன்பொருள் ஓடத் தேவையான ஃபர்ம்வேர் ஃபைல்கள் விஷயத்தில் இன்ஸ்டாலர் வெகுவாக முன்னேறிவிட்டது. டெபியன் 11 வரை வைஃபைக்குத் தனி ஃபைல் தேடி அலைய வேண்டியிருந்தது. 2022-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 12-இல் இருந்து அவை ஐஎஸ்ஓவுக்குள்ளேயே வருகின்றன. ஆனாலும் சில பழைய பிராட்காம் சிப்புகளுக்குத் தனி டிரைவர் தேவை, அது உள்ளே இல்லை. அப்போது ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் லேன் கார்டு போலத் தெரியும். எங்காவது நின்றுவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்4 சேர்த்து அழுத்துங்கள். லாக் அங்கே ஓடும். கிராஃபிக்கல் திரைக்குத் திரும்ப ஆல்ட், எஃப்5. லாக்கில் படிக்கும் பிழை இடம் மாறி மாறி வந்தால் முதலில் ரேமைப் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் ரேமின் பொன்னிறப் பல்லில் கறை படியும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதிக் கேஸ் தீரும்.

நிறுவிய பிறகு தெரிய வரும் ஒரு மாற்றம்: 13-இல் தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் கோப்புறை டிஸ்க்கில் இல்லை, ரேமில். அதிகபட்சம் ரேமில் பாதி. 4 ஜிபி பெட்டியில் பெரிய பிடிஎஃப்களை ஒன்றாக இணைக்கும்போது இடமில்லை என்று வந்தால் காரணம் இதுதான். சிஸ்டம்டியில் டெம்ப் மவுன்டை மாஸ்க் செய்து ரீபூட் செய்தால் பழையபடி டிஸ்க்குக்குப் போகும்.

எந்தக் கணினியில் போடக் கூடாது என்பதும் வட சென்னைக் கடைகளுக்கு முக்கியம். ஆண்டர்சன் தெரு பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை வேலை இன்னும் பேஜ்மேக்கரும் கோரல் டிராவும்தான். அந்த ஃபைல்களை நம்பிப் பிழைக்கும் பெட்டியைத் தொடாதீர்கள். இ-சேவை வேலைக்கான கைரேகைக் கருவிகளுக்கு டிரைவர் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் கிடைக்கிறது. வாங்கிய கருவிக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள். பில்லிங் பிரௌசரில் ஓடினால், வேலை லிப்ரேஆபீஸ், ஸ்கேன், பிரின்ட் என்று இருந்தால், தயக்கமே வேண்டாம். 13-க்கு 2028 ஆகஸ்ட் வரை முழு ஆதரவு, அதன்பின் எல்டிஎஸ் என்ற நீட்டித்த ஆதரவு 2030 ஜூன் வரை.

32 பிட் மட்டும் ஓடும் பழைய ஆட்டம் பெட்டிகளுக்கு இந்த இன்ஸ்டாலரே இல்லை. ஐ386 என்ற 32 பிட் ஐஎஸ்ஓ டெபியன் 12-ஓடு நின்றுவிட்டது. அவற்றை 12-இலேயே விட்டுவிடுங்கள், எல்டிஎஸ் 2028 ஜூன் வரை ஓடும்.