நான்கு பேர், நான்கு திசுக்கள்: குழுக்கற்றலோடு எட்டு ஆண்டுகள்

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் நான், கூட்டுறவுக் குழுக்கற்றல் முறைகளைக் கையாளத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் நான் நடத்தியதைக் குழுக்கற்றல் என்று சொல்ல இப்போது மனம் வரவில்லை. முன்வரிசைப் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, ஆறு ஆறு பேராக அமர்த்தி, தலைப்பைக் கொடுத்துக் கலந்துரையாடச் சொன்னேன். ஒவ்வொரு குழுவிலும் நன்றாகப் படிக்கும் ஒருவர் சார்ட்டில் எழுதினார், இன்னொருவர் கோடு போட்டுக் கொடுத்தார், மற்ற நால்வரும் வேடிக்கை பார்த்தனர். சார்ட்டுகள் என்னவோ அழகாகத்தான் இருந்தன. போதாக்குறைக்கு, குழு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போட்டேன். "எல்லாத்தையும் நான்தான் எழுதினேன் சார், அவனுக்கும் அதே மார்க்கா?" என்று ஒரு மாணவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் கூட்டுறவுக் கற்றலுக்கு வகுத்த ஐந்து கூறுகளில் இரண்டு என் வகுப்பில் இல்லை என்பது அதன் பிறகுதான் புரிந்தது: ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க இயலாதபடி பணி பின்னப்பட்டிருக்க வேண்டும், ஒவ்வொருவரும் தாம் கற்றதற்குத் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும்.

இவ்விரண்டுக்கும் எனக்குப் பெரிதும் உதவியது ஜிக்சா முறை. வெள்ளை, கறுப்பின, ஹிஸ்பானிய (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குழந்தைகள் புதிதாக ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டுப் பகைமை மூண்டிருந்த டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரப் பள்ளிகளுக்காக, 1971இல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் உருவாக்கிய முறை இது. விலங்குத் திசுக்கள் பாடத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என நால்வகைத் திசுக்கள், குழுவில் நால்வர், ஆளுக்கொரு திசு. ஒரே திசுவைப் பெற்றவர்கள் முதலில் தனியே கூடிப் படித்துத் தெளிந்து, பின்னர்த் தம் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் கற்பிக்க வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் ஒரு திசுவுக்குப் பத்துப் பேர் கூடினால் பழைய வேடிக்கையே திரும்பும் என்பதால், அவர்களை ஐந்து ஐந்தாகப் பிரித்துவிடுகிறேன்.

இதில் இரண்டு சிக்கல்கள் இன்றும் தொடர்கின்றன. தசைத் திசுவைப் படித்தவர் மறுநாள் விடுப்பு எடுத்தால் அந்தக் குழுவுக்குத் தசையே இல்லாமல் போகிறது. ஆகவே பாடத்தை ஒரே நாளில், அடுத்தடுத்த இரு பாடவேளைகளில் முடிக்கிறேன். மற்றொன்று, தவறும் அதே வேகத்தில் பரவுவது. தசையை எலும்போடு பிணைக்கும் திசுவையும் எலும்பை எலும்போடு பிணைக்கும் திசுவையும் ஒரு மாணவர் இடம்மாற்றிச் சொல்லிக்கொடுக்க, குழுவே அப்படித் தேர்வில் எழுதியது. இப்போது, கற்பிக்கப் போகுமுன் நான் ஒவ்வொருவரின் குறிப்பையும் பார்த்துவிடுகிறேன்.

கேள்வி நேரத்தில் ஒவ்வொரு குழுவில் உள்ளவர்களுக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுத்து, விவாதம் முடிந்தபின் ஏதேனும் ஓர் எண்ணை அழைக்கிறேன். அந்த எண்ணுக்குரியவரே குழுவுக்காக எழுந்து விடை சொல்ல வேண்டும். யார் அழைக்கப்படுவார் என்று தெரியாததால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் விடையைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் அருகிலிருப்பவருக்கு விளக்கத் தொடங்கினர். எந்தச் செலவும் இல்லாத இந்தச் சிறு மாற்றமே என் அனுபவத்தில் மிகுந்த பலன் தந்தது. மதிப்பெண்ணுக்கோ, கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் முறையைத் தழுவி, தேர்வைத் தனித்தனியே எழுதவைத்து, அவரவர் முந்தைய சராசரியைவிட எவ்வளவு உயர்ந்தார் என்பதையே குழுவின் புள்ளியாகக் கணக்கிடுகிறேன். முப்பதிலிருந்து நாற்பதுக்கு வருபவர் குழுவுக்குச் சுமையாக இருப்பதில்லை.

சத்தம் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நின்ற நாள்களும் உண்டு. வேதிச் சமன்பாடுகளைச் சமன் செய்வதையும் இயக்கச் சமன்பாட்டுக் கணக்குகளையும் இன்றும் கரும்பலகையில் நானே முதலில் நடத்துகிறேன்; அடிப்படை தெரியாத நால்வரைக் கூட்டி உட்காரவைத்தால் நாற்பது நிமிடம் வீணாவதுதான் மிச்சம். வாரத்தில் இரண்டு பாடவேளைக்கு மேல் குழுக்கற்றலுக்கு ஒதுக்குவதில்லை. குழுக்களை வாரந்தோறும் மாற்றிக்கொண்டிருந்த வழக்கத்தையும் விட்டுவிட்டேன்; ஒருவரோடொருவர் கூச்சமின்றிப் பேசவே அவர்களுக்கு இரண்டு வாரம் ஆகிறது.