கனமான துகள் ஏன் குறைவாகப் பரவுகிறது? இரண்டு சோதனைகள், ஒரு கேள்வி

கொந்தளிப்பான காற்றில் கனமான துகள்களை விட்டால், அவை காற்றைவிடக் குறைவாகவே பரவும். காரணமாக இரண்டு சொல்வார்கள். ஒன்று நிலைமம்: காற்று திரும்பும் வேகத்துக்குத் துகளால் திரும்ப முடியாது. மற்றது ஈர்ப்பு: துகள் ஒரு சுழலைக் கடந்து அடுத்ததற்குள் விழுந்துகொண்டே இருப்பதால், எந்தச் சுழலுக்கும் அதை வெகுநேரம் ஒரே பக்கம் தள்ள அவகாசம் இல்லை. இதில் எது பெரியது?

ஸ்னைடரும் லம்லியும் 1971இல் வெளியிட்ட சோதனை இத்துறையில் எல்லோருக்கும் பாலபாடம். செங்குத்தான காற்றுச் சுரங்கம், கொந்தளிப்பை உண்டாக்க ஒரு கம்பி வலை, நான்கு வகைத் துகள்கள்: உள்ளீடற்ற கண்ணாடி, மக்காச்சோள மகரந்தம், திடக் கண்ணாடி, செம்பு. கனம் கூடக் கூடப் பரவல் குறைந்தது. ஆனால் எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மகரந்தம் காற்றுக்கு ஈடுகொடுக்க எடுக்கும் காலம் 20 மில்லி விநாடி, விழும் வேகம் விநாடிக்கு 19.8 செ.மீ. திடக் கண்ணாடிக்கு 45, 44.2. செம்புக்கு 49, 48.3. காலத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் விழும் வேகம் வந்துவிடும். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியே தீரும். பழி நிலைமத்துக்கா, விழுதலுக்கா என்று இந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க வழியே இல்லை.

வெல்ஸும் ஸ்டாக்கும் 1983இல் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. 5 மைக்ரான், 57 மைக்ரான் கண்ணாடி மணிகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, மின்புலத்தால் ஈர்ப்பை ஈடுகட்டினார்கள். புலத்தை மாற்றினால் விழும் வேகம் மட்டும் மாறும், நிலைமம் அப்படியே இருக்கும். விழுதலை நிறுத்தியதும், கனமான மணியின் நீண்டகாலப் பரவல் குணகம் (வெகுநேரம் கழித்து எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்ற அளவு) ஏறக்குறைய காற்றுக்குச் சமமாகவே வந்தது. நிலைமம் துகளின் ஏற்ற இறக்க வேகத்தைத்தான், அதாவது சராசரியைச் சுற்றி வேகம் அலையும் அளவைத்தான், குறைத்தது. விழும் வேகம் காற்றின் ஏற்ற இறக்க வேகத்தைத் தாண்டியபோதுதான் பரவல் நன்றாகச் சரிந்தது. ஈர்ப்பு இல்லாவிட்டால் கனமான துகள் காற்றைவிடச் சற்று அதிகமாகவே பரவலாம் என்று 1977இலேயே ரீக்ஸ் கோட்பாட்டு வழியில் காட்டியிருந்தார்.

காரணம் புரிய வேண்டுமானால் 1983தான், சந்தேகமே இல்லை. துகள் பரவலைக் கணக்கிடும் கணினி நிரலைச் சரிபார்க்க மட்டும் நான் 1971க்கே போவேன். நிஜத் தூசி விழத்தானே செய்கிறது! அதிலும் முதலில் உள்ளீடற்ற கண்ணாடி. அது விநாடிக்கு 1.67 செ.மீ.தான் விழும், கிட்டத்தட்ட காற்றோடே போகும். அங்கேயே கணக்கு பொருந்தாவிட்டால் கோளாறு பெரும்பாலும் கொந்தளிப்பு மாதிரியில், அதாவது காற்றின் சுழல்களை நிரல் கணக்கிடும் முறையில். துகள் சமன்பாட்டில் கைவைப்பது வீண் வேலை.