சார்ஜன்ட் யார்க் மாடலுக்கு எந்த ட்ராக்: வினைலா, தனிக்கண்ணியா?

அமெரிக்காவின் விமான எதிர்ப்பு பீரங்கி வண்டியான எம்247 சார்ஜன்ட் யார்க்கை 1/35 அளவில் பிளாஸ்டிக் மாடலாகக் கட்டுகிறவர்கள், சக்கரங்களைச் சுற்றி ஓடும் ட்ராக்குக்கு, பழைய கிட்டோடு வரும் வளையக்கூடிய வினைல் பட்டையையே மாட்டலாமா, தனியாக ஒரு செட் வாங்கிக் கண்ணி கண்ணியாகக் கோர்க்கலாமா என்று யோசிப்பார்கள். நான் கோர்த்தேன், உங்களையும் கோர்க்கத்தான் சொல்வேன்.

விலையிலும் நேரத்திலும் வினைலுக்கே ஜெயம். பட்டையின் இரண்டு நுனியையும் சேர்த்து மாட்டினால் வேலை முடிந்தது. கோர்ப்பது என்றால் ஒரு பக்கத்துக்கே சுமார் 80 கண்ணி.

தோற்றத்தில் மற்ற டாங்க்குகளுக்கு ஒரு சலுகை உண்டு. சேற்றைப் பூசி மட்டமான ட்ராக்கை மறைத்துவிடலாம். யார்க் போருக்கே போகவில்லை. எம்48ஏ5 டாங்க்கின் அடிப்பாகத்தில் இரண்டு 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கியும் எஃப்-16 போர் விமான ரேடாரின் மாற்று வடிவமும் ஏற்றி, சுமார் 50 வண்டி செய்த பிறகு, 1985 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வைன்பெர்கர் திட்டத்தையே ரத்து செய்துவிட்டார். சோதனைக் களப் புழுதியைவிட அதிகமாகப் பூசினால் பொய்யாகிவிடும், அதனால் ட்ராக் அப்படியே கண்ணில் படும். மேலே மூன்று உருளைகளுக்கு நடுவே லேசாகத் தொய்ந்து கிடக்க வேண்டிய இடத்தில் வினைல் விறைப்பாக நிற்கும்.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது ஆயுள்தான். வினைலை வளைய வைக்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாக நாளாக வெளியே கசியும், அது சக்கரத்தின் பாலிஸ்டைரீனில் பட்டால் பிளாஸ்டிக் இளகிக் குழியும், இன்னொரு பக்கம் வினைல் காய்ந்து வெடிக்கும். பக்கத்துக்கு ஆறு சக்கரம், எல்லாமே ட்ராக்கோடு ஒட்டி நிற்கின்றன. அந்தப் பெட்டி போன்ற பீரங்கிக் கோபுரத்தையும் ரேடாரையும் அத்தனை பாடுபட்டுக் கட்டிவிட்டு, அடியில் சக்கரம் உருகுவதைப் பார்க்க எனக்கு மனம் வராது. எல்லா வினைலும் இப்படிப் போவதில்லை என்பதும் உண்மை. சக்கரத்துக்கு நல்ல பெயின்ட் பூச்சு கொடுத்தால் ஆபத்து குறையும், எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அதில் அனுபவம் இல்லை.

எம்48, எம்60 டாங்க்குகளுக்கென்று விற்கும் ட்ராக் செட்கள் இதற்குப் பொருந்தும். ஆனால் அந்தக் குடும்பத்தில் இரண்டு வகை ட்ராக் ஓடின: டி97இல் ரப்பர் அம்புமுனை போல வளைந்திருக்கும், டி142இல் எண்கோணத் துண்டாக இருக்கும். நீங்கள் கட்டும் வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்புறம், மாட்டும் முன்பே பெயின்ட் அடித்துவிடுங்கள், மாட்டிய பிறகு உள்பக்கத்துக்கு பிரஷ் எட்டாது.